பெஞ்சில் உட்கார 26 மில்லியன் பவுண்டா?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் பின்வரிசையைப் பற்றித்தான். பின்வரிசையின் நடுவில் நின்று ஆடிய பழைய ஸ்டாப்பரிடம் கேட்டால் வேறு எதைக் கேட்பார்கள்! மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்விகள் அடுத்த வாரம்.

2025 ஆகஸ்டில் லிவர்பூல் ஜொவான்னி லியோனி என்ற 18 வயது இத்தாலிய சென்டர் பேக் பையனை 26 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. வான் டைக், கொனாட்டே, கோமஸ் என்று மூன்று பேர் ஏற்கெனவே இருக்கும்போது இது எதற்கு? பெஞ்சில் உட்கார வைக்க 300 கோடி ரூபாயா சார்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. நாங்கள் ஆடிய காலத்தில் ஆட்டம் முடிந்தால் ஒரு டீ, இரண்டு பஜ்ஜி. ஜெயித்தால் மூன்று பஜ்ஜி.

சரி, கணக்குக்கு வருவோம். வான் டைக்குக்கு அந்த ஜூலையில்தான் 34 முடிந்தது. கொனாட்டேவின் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம் பாக்கி. ஜோ கோமஸ் அருமையான ஆட்டக்காரர், ஆனால் அவர் நினைப்பதற்கு அவர் உடம்பு ஒத்துழைப்பதில்லை. நான்காவது ஆளாக இருந்த ஜாரெல் குவான்சாவை அதே கோடையில் ஜெர்மனியின் லெவர்குசனுக்கு விற்றுவிட்டார்கள். ஆக, நான்காவது நாற்காலி காலி. அதில்தான் இந்தப் பையனை உட்கார வைத்தார்கள்.

அனுபவசாலி ஒருவரை விட்டுவிட்டு ஏன் சின்னப் பையன் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் ஒவ்வொரு அணியும் 25 பேர் கொண்ட பட்டியல் கொடுக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் கிளப்புகளில் வளராதவர்கள் அதில் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை, பட்டியலுக்கு வெளியே இருந்தபடியே ஆடலாம். 2025-26 பருவத்துக்கு 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் போதும். லியோனி பிறந்தது 2006 டிசம்பரில். ஒரு இடமும் செலவாகாமல் ஒரு ஆள் வந்தாகிவிட்டது. விலையையும் கணக்குப் புத்தகத்தில் ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பி எழுதலாம், அதற்கு மேல் லீக் விடாது. வருடத்துக்கு ஐந்து மில்லியன் சொச்சம். பையன் தேறிவிட்டால் லாபம், தேறாவிட்டாலும் 22 வயதில் வாங்க யாராவது வருவார்கள். முப்பது வயது ஆளை வாங்கினால் திரும்ப விற்க முடியுமா?

பையன் ஒன்றும் சாதாரணமானவனும் இல்லை. கிட்டத்தட்ட ஆறடி ஐந்து அங்குலம். பார்மா அணிக்காக இத்தாலியின் முதல் டிவிஷனில் 17 ஆட்டம் ஆடியிருந்தான். அங்கே அவனுக்குப் பயிற்சியாளராக இருந்த கிறிஸ்டியன் கிவு தானே ஒரு பெரிய டிஃபெண்டர். அவர் இன்டர் மிலானுக்குப் போனதும் அந்தக் கிளப்பும் இவன் மேல் கண் வைத்தது. தன்னிடம் பாடம் படித்த பையனைப் புது வீட்டுக்கும் கூப்பிட நினைத்தால் அதை நல்ல சான்றிதழாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் நடந்ததுதான் மனதைப் பிசைகிறது. செப்டம்பர் 23, லீக் கோப்பையில் சவுத்தாம்ப்டனோடு ஆட்டம். லியோனிக்கு லிவர்பூல் சட்டையில் முதல் நாள். ஆட்டம் முழுக்க நன்றாகத்தான் ஆடினான், தலைக்கு வந்த பந்தையெல்லாம் அடித்துத் தள்ளினான். கடைசிப் பத்து நிமிடம் வரும் நேரத்தில் முழங்கால் மடங்கியது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். முன்புற சிலுவைத் தசைநார் கிழிந்துவிட்டது, ஏறக்குறைய ஒரு வருடம் ஆட முடியாது என்றார்கள். லிவர்பூல் 2-1 என்று ஜெயித்தது. வெற்றி கோல் போட்ட எகிடிகே சட்டையைக் கழற்றி இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். மறுநாள் எல்லாரும் பேசியது அந்தச் சட்டையைப் பற்றி. எனக்கு அந்த முழங்கால்தான் கண்ணிலேயே நின்றது.

அதற்கு மூன்று வாரம் முன்னால், செப்டம்பர் 1 அன்று ஆட்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் கடை மூடும் நேரத்தில், கிரிஸ்டல் பேலஸின் மார்க் கெஹியை 35 மில்லியனுக்கு வாங்கப் பேசி, மருத்துவப் பரிசோதனை வரை போய், கடைசி நேரத்தில் கையெழுத்தாகாமல் நின்றுபோனது. மாற்று ஆள் கிடைக்காமல் தங்கள் கேப்டனை விட பேலஸுக்கு மனமில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். குவான்சா போனார், கெஹி வரவில்லை, பையன் படுத்துவிட்டான். இலையுதிர் காலத்தில் லீக்கின் ஏழு ஆட்டங்களில் ஆறில் லிவர்பூல் தோற்றதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை என்பது உண்மை.

முன்வரிசையில் 60-வது நிமிடமே ஆளை மாற்றுகிறார்கள், மிட்ஃபீல்டிலும் மாற்றுகிறார்கள். சென்டர் பேக்கை மட்டும் ஏன் கடைசி வரை விட்டுவைக்கிறார்கள்? அப்படியென்றால் ரிசர்வில் இருப்பவர் எப்போதுதான் ஆடுவார்?
– கல்லூரி மாணவர், திருச்சி

நல்ல கேள்வி தம்பி. இதற்கு என் அவமானக் கதை ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னை லீக்கில் ஒரு அலுவலக அணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். சென்டர் பேக் என்று அப்போது யாரும் சொல்ல மாட்டோம், ஸ்டாப்பர்தான். எனக்கு முன்னால் ஒரு சீனியர், அவர் இருக்கும் வரை எனக்கு பெஞ்ச். ஒரு பருவம் முழுக்க வார்ம்-அப் செய்து, பூட்ஸ் கயிறு கட்டி, அப்படியே வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். நான் உள்ளே போனேன். கால் சரியாகத்தான் இருந்தது, மூச்சும் இருந்தது. ஆனால் பக்கத்தில் ஆடுகிறவன் எப்போது ஏறுவான், எப்போது நிற்பான் என்று எனக்குத் தெரியாது. அவன் நாலு எட்டு முன்னே போய் ஆஃப்சைடுக்குக் கை தூக்குகிறான், நான் பின்னாலேயே நின்று எதிரணி ஃபார்வர்டை ஆன்சைடு, அதாவது விதிப்படி சரியான இடத்தில் நிற்பவன், ஆக்கிக்கொண்டிருக்கிறேன். "ஏறுடா, ஏறு!" என்று கோல்கீப்பர் தொண்டை கிழியக் கத்தினான். ஒரே மாதிரி இரண்டு கோல் வாங்கினோம். இடைவேளையில் கோச் திட்டவில்லை. "தண்ணி குடி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

ஃபார்வர்டு தவறினால் ஒரு வாய்ப்பு போகும், ஸ்டாப்பர் தவறினால் கோல் போகும். அதிலும் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வேலை அது, கண்ணைப் பார்க்காமலே பக்கத்து ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டும். அந்தப் பழக்கத்தை எந்தப் பயிற்சியாளரும் கலைக்க மாட்டார். ஆகவே ரிசர்வ் ஸ்டாப்பருக்கு மூன்று கதவுதான்: கோப்பை ஆட்டம், யாருக்காவது அடி, யாருக்காவது சிவப்பு அட்டை.

குவான்சாவையே பாருங்கள். ஐந்து வயதில் லிவர்பூல் அகாடமிக்கு வந்த பையன். 2023 ஆகஸ்டில் நியூகாசில் மைதானத்தில் வான் டைக் சிவப்பு அட்டை வாங்கி, பத்து பேரோடு ஆடிக்கொண்டிருந்தபோது இவரை இறக்கினார்கள். அறிமுகமே அப்படி! அந்த ஆட்டத்தை 2-1 என்று ஜெயித்தார்கள், அந்தப் பருவம் முழுக்க நன்றாக ஆடினார். அடுத்த ஆகஸ்டில் புதுப் பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட்டின் முதல் லீக் ஆட்டம், இப்ஸ்விச்சில். குவான்சாதான் தொடங்கினார். தலைப்பந்துகளைத் தோற்கிறார் என்று இடைவேளையிலேயே எடுத்துவிட்டு கொனாட்டேவை இறக்கினார்கள். அதன் பிறகு அந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. 45 நிமிடம், தம்பி.

2021-இல் லிவர்பூல் பென் டேவிஸ் என்று ஒருவரை வாங்கியது. அவர் ஒரு போட்டியில்கூட ஆடாமலே போய்விட்டார். கால்பந்து வரலாற்றில் இதைவிட வீண் செலவு உண்டா?
– ஒரு வாசகர், சேலம்

நிறைய உண்டு. டேவிஸைக் கேலி செய்கிறவர்கள் அந்தக் குளிர்காலத்தை மறந்துவிட்டார்கள்.

2020 கோடையில் சென்டர் பேக் லவ்ரனை ரஷ்யாவின் ஸெனித்துக்கு விற்றார்கள், பதிலுக்கு ஆள் வாங்கவில்லை. அக்டோபர் 17, எவர்ட்டன் ஆட்டத்தின் ஆரம்ப நிமிடங்களிலேயே எதிரணி கோல்கீப்பர் பிக்ஃபோர்டு மோதி வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் இங்கிலாந்து அணிப் பயிற்சியில் கோமஸின் முழங்கால். ஜனவரி கடைசியில் டாட்டன்ஹாமில் மாட்டிப்பின் கணுக்கால். மூன்று பேருக்கும் அந்தப் பருவம் முடிந்தது. மிட்ஃபீல்டர்கள் ஃபாபின்யோவும் ஹென்டர்சனும் பின்னால் வந்து நின்றார்கள். அதனால் மிட்ஃபீல்டும் ஓட்டை. 68 லீக் ஆட்டங்களாகச் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தோற்காத அணி அங்கேயே வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றது.

பிப்ரவரி 1, கடை மூடும் நாள். இரண்டாம் டிவிஷனில் இருந்த பிரெஸ்டனிலிருந்து டேவிஸ், ஜெர்மனியின் ஷால்கேயிலிருந்து 20 வயது ஓசான் கபாக் லோனில், அதாவது இரவலாக. டேவிஸுக்கு முதலில் கொடுத்தது அரை மில்லியன் பவுண்டு என்றார்கள். வீட்டில் மூன்று ஃப்யூஸ் போன பிறகு கடைக்கு ஓடி வாங்கி வைக்கும் நாலாவது ஃப்யூஸ் அது. பயன்படாமல் போனால் சந்தோஷப்பட வேண்டியதுதானே! அடுத்த வருடம் அவரை ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்கு விற்றபோது போட்ட காசுக்கு மேலேயே வந்தது.

கபாக் கதை வேறு. லெஸ்டரில் முதல் ஆட்டம். ஒரு நீளப் பந்துக்கு இவரும் ஓடினார், கோல்கீப்பர் அலிசனும் ஓடி வந்தார், இருவரும் மோதிக்கொள்ள லெஸ்டரின் வார்டி காலி கோலுக்குள் தட்டிவிட்டுப் போனார். எனக்கு என்னுடைய "ஏறுடா, ஏறு" ஞாபகம் வந்தது. மூன்றே நாளில் புடாபெஸ்டில் லைப்ஸிக்கோடு 2-0 என்று ஜெயித்தபோது அதே பையன் கல் மாதிரி நின்றான். மொத்தம் 13 ஆட்டம், அப்புறம் அவனுக்கும் அடி.

கடைசியில் காப்பாற்றியது யார்? பெஞ்சின் கடைசி மூலையில் இருந்த நாட் ஃபிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும். ரீஸ் அதற்கு முந்தைய பருவத்தில் ஆறாவது டிவிஷனில் கிடர்மின்ஸ்டர் அணிக்கு லோனில் ஆடியவர். இந்த இரண்டு பேரையும் நடுவில் நிறுத்திக் கடைசி ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்து, 69 புள்ளிகளோடு மூன்றாம் இடம் பிடித்தார்கள். வெஸ்ட் பிராமில் அலிசன் தலையால் அடித்த கோல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஆட்டத்திலும் பின்னால் நின்றது இந்த இரண்டு பேர்தான்.

என்னைக் கேட்டால், 2020-இல் லவ்ரனை விற்றதுதான் தப்பு, டேவிஸை வாங்கியது இல்லை. நாலாவது நாற்காலியில் பையன் உட்காரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் ஐந்தாவதாக, நாலு இடத்தில் அடிபட்டு வந்த ஒரு கிழட்டுக் காளை வேண்டும். 2025-இலும் அதைத்தான் விட்டார்கள்.

என் மகனுக்கு 16 வயது, ஸ்டாப்பர். எப்போதும் சப்ஸ்டிட்யூட்டாகவே வைத்திருக்கிறார்கள். வேறு அணிக்கு மாற்றலாமா ஐயா?
– ஒரு தாய், கோவை

ஒரு பருவம் பொறுங்கம்மா. அதற்குள் அவனை ரைட் பேக்கிலும் ஆடப் பழகச் சொல்லுங்கள். கோமஸ் இத்தனை அடிபட்டும் இத்தனை வருடம் லிவர்பூலில் இருந்ததற்கு வலது, நடு, இடது எங்கே நிறுத்தினாலும் ஆடுவார் என்பது ஒரு காரணம். அப்புறம், பயிற்சி முடிந்ததும் கோல்கீப்பர் பையனோடு கால்மணி நேரம் நின்று கிராஸ் பந்துகளில் யார் கூப்பிட்டு யார் எடுப்பது என்று பழகட்டும். அடுத்த பருவமும் பெஞ்ச்தான் என்றால் தாராளமாக மாற்றுங்கள். இந்த வயதில் ஆட்டம்தான் முக்கியம், அணியின் பெயர் இல்லை. ராத்திரி ஒரு முட்டை கூடுதலாகக் கொடுங்கள்.

உங்களுக்குப் பிடித்த ரிசர்வ் ஆட்டக்காரர் யார்? ஒரே ஒருவர்!
– ஒரு வாசகி, வேலூர்

நாட் ஃபிலிப்ஸ். அமெரிக்காவில் கல்லூரிக்குப் போக ஏற்பாடெல்லாம் முடிந்த நிலையில் லிவர்பூல் கூப்பிட்டதால் நின்றவர். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் போல்டன் பரேசி. மிலானின் மாபெரும் டிஃபெண்டர் பரேசியின் பெயரும் இவருடைய சொந்த ஊரும் சேர்ந்தது. 2021 டிசம்பரில் அதே மிலான் நகரில், பரேசி ஆடிய அதே சான் சீரோ மைதானத்தில் இவர் ஆடினார். சொந்தப் பெனால்டி ஏரியாவுக்குள் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, உதைத்துத் தள்ளுவார் என்று பார்த்தால், டச்சு மேதை க்ரைஃப் மாதிரி பந்தைக் காலுக்குப் பின்னால் இழுத்துத் திரும்பி எதிரிகளை ஏமாற்றிவிட்டுப் போனார். எங்கள் கோச்சாக இருந்தால் அந்த நிமிடமே வெளியே இழுத்திருப்பார். நான் நள்ளிரவு தாண்டி சோபாவில் இருந்து எழுந்து நின்று கத்தினேன், தூங்கிக்கொண்டிருந்த மனைவி திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து விளக்கைப் போட்டுவிட்டாள். அதே ஆட்டத்தில் அவருக்குக் கன்ன எலும்பு முறிந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது.