நாய்ப் பட்டைக்கும் சிலிக்கன் வேஃபருக்கும் ஒரே மாதிரி பேட்டன்ட்தானா?

கேள்வி: பூனைக்கு லேசர் காட்டி விளையாடுவதற்குக்கூட அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்திருக்கிறார்களாமே? சிப் தயாரிக்கும் தொழில்நுட்பத்துக்கும் அதே பேட்டன்ட்தானா? அப்படியென்றால் அதற்கு என்ன மதிப்பு? என் தம்பி கல்லூரி ப்ராஜெக்டாக, நாய் குரைத்தால் அதிரும் கழுத்துப்பட்டை ஒன்று செய்திருக்கிறான். அவனும் விண்ணப்பிக்கலாமா?

பதில்:

கொடுத்திருக்கிறார்கள், வதந்தி இல்லை. அமெரிக்கக் காப்புரிமை எண் 5,443,036. நாள் 1995 ஆகஸ்ட் 22. தலைப்பே ‘பூனைக்கு உடற்பயிற்சி தரும் முறை’ என்றுதான் இருக்கும். கையடக்க லேசரால் தரையிலோ சுவரிலோ பளிச்சென்று ஒரு பொட்டு விழவைத்து, பூனைக்கு எட்டாதபடி அதை நகர்த்திக்கொண்டே போய் ஓடவைப்பது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

இதைவிடப் பெரிய கூத்து 6,360,693. 2002 மார்ச் 26ல் வந்தது. விலங்குகளுக்கான விளையாட்டுப் பொருள் என்று தலைப்பு. படத்தைப் பார்த்தால் கிளை பிரிந்த ஒரு குச்சி. உள்ளே படித்தால் ரப்பரிலும் செய்யலாம், பிளாஸ்டிக்கிலும் செய்யலாம், மரத்திலும் செய்யலாம் என்று இருக்கிறது. மரத்தில் செய்த, மரக்கிளை மாதிரியான பொருளுக்கு நம் ஊரில் மரக்கிளை என்றுதான் பெயர். பிற்பாடு அதே அலுவலகம் மறுபரிசோதனை செய்து எல்லாக் கிளெய்ம்களையும், அதாவது ‘இதுதான் என் உரிமை’ என்று கோரும் வாசகங்களை, ரத்து செய்தது.

அமெரிக்காவில் பேட்டன்டுகள் செவ்வாய்க்கிழமைதோறும் வெளியாகும். குச்சிக்குச் சரியாக ஆறு வருடம் முன்னால், 1996 மார்ச் 26 செவ்வாயன்று, எண் 5,501,893 வெளியானது. ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் நிறுவனத்துக்காக ஃப்ரான்ஸ் லெர்மர், ஆந்த்ரேயா ஷில்ப் என்ற இருவர் கண்டுபிடித்தது. சிலிக்கனில் ஆழமாகவும் செங்குத்தாகவும் பள்ளம் பறிக்கும் முறை. இன்று உங்கள் கையிலிருக்கும் போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறது அல்லவா, அதற்குப் பின்னால் இருப்பது இந்த வகைப் பள்ளம்தான்.

ஆக, அதே அலுவலகம், அதே சட்டம், அதே வடிவம். நான் சென்னையில் காப்புரிமைத் தேடல் வேலையில் இருக்கிறேன். ‘இது புதுசுதானா, இதற்கு முன் உலகத்தில் யாராவது எங்கேயாவது சொல்லிவிட்டார்களா’ என்று தோண்டுவதுதான் பிழைப்பு. காலையில் ஏ01கே 15/02 என்ற வகுப்பில் தேடுவேன். விலங்குகளுக்கான பயிற்சிக் கருவிகள் அங்கேதான் இருக்கும். மதியம் எச்01எல் 21, செமிகண்டக்டர் செய்முறைகள். இரண்டையும் ஒரே மாதிரிதான் படிக்கிறோம்.

எப்படிப் படிப்பது என்பதில்தான் உங்கள் ‘மதிப்பு’ பற்றிய கேள்விக்கு விடை இருக்கிறது. நிலப் பத்திரத்தில் ஊர்ப் பெருமை, குடும்பப் பெருமை என்று என்ன எழுதியிருந்தாலும், கடைசியில் வக்கீல் பார்ப்பது நான்கெல்லையைத்தானே. பேட்டன்டில் அந்த நான்கெல்லை கிளெய்ம்கள். ஒரு கிளெய்மில் ஐந்து அம்சங்கள் இருந்தால், ஐந்தும் என் பொருளில் இருந்தால்தான் நான் அத்துமீறினேன் என்று ஆகும். நான்கு மட்டும் இருந்தால், பெரும்பாலும் தப்பித்தேன். எனவே ‘பேட்டன்ட் வாங்கிவிட்டார்’ என்ற செய்திக்குத் தனியாக ஒரு அர்த்தமும் இல்லை. எத்தனை ஏக்கர், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். அரசாங்கம் அது அரிய கண்டுபிடிப்பு என்று சான்றிதழ் எதுவும் தரவில்லை. முன்பு இல்லாதது, துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாதது என்று மட்டும்தான் ஒரு பரிசோதகர் பார்த்திருக்கிறார். அவர் கையில் இருக்கும் நேரமும் குறைவு. குச்சி அப்படித்தான் நழுவி வந்திருக்க வேண்டும். பூங்காக்களில் ஆயிரம் வருடமாக நடப்பதை யாரும் ஆவணமாக எழுதி வைப்பதில்லையே!

செல்லப்பிராணிப் பக்கம் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1973 ஆகஸ்ட் 21ல் ரிச்சர்ட் பெக் என்பவருக்கு 3,753,421 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை கிடைத்தது. ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர் அவர். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தார் என்பார்கள். வீட்டைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு வயர். அதில் மெலிதான ரேடியோ சிக்னல். நாயின் பட்டையில் ஒரு ரிசீவர். வயரை நெருங்கினால் சின்ன மின்னதிர்ச்சி. கண்ணுக்குத் தெரியாத வேலி என்ற தொழிலே இங்கிருந்துதான் கிளம்பியது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து 17 வருடம் செல்லும். 1990ல் அது முடிந்தது. அடுத்த வருடமே டென்னசியில் ரேடியோ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் தொடங்கியது; பெட்சேஃப் என்ற பிராண்டில் இதே மாதிரி வேலிகளை விற்று வளர்ந்து, 2006ல் மூல நிறுவனமான இன்விசிபிள் ஃபென்ஸையே வாங்கிவிட்டது. எல்லை அழிந்த பிறகு நிலத்தில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

மின்னதிர்ச்சி பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், வேண்டாம். இந்த ஆவணங்களில் ‘ஷாக்’ என்ற சொல்லைத் தேடினால் பாதி கிடைக்காது. ‘தூண்டல்’, ‘திருத்தம்’ என்று நாசூக்காக எழுதியிருப்பார்கள். தேடும்போது அந்தச் சொற்களையும் போட்டால்தான் பிடிபடும். வேல்ஸ் 2010லேயே இந்த மின்பட்டைகளைத் தடை செய்துவிட்டது. உங்கள் தம்பி அதிர்வோடு நிறுத்திக்கொண்டது நல்ல விஷயம்.

இப்போது பட்டைக்குள் போவோம். குரைப்பைக் கண்டறியும் பட்டை ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். தொண்டையைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன முனை, ஒரு பேட்டரி, பாதி விரல் நீளத்தில் ஒரு போர்டு. போர்டில் 2 மில்லிமீட்டர் சதுரத்தில் கறுப்பாக ஒரு துண்டு இருந்தால் அது அநேகமாக ஆக்ஸலரோமீட்டர், அதாவது அசைவை அளக்கும் சென்சார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் மைக் ஏமாறும். ஆனால் தொண்டை அதிராது. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் குரைத்தது இந்த நாய். இந்தச் சின்ன யோசனையின் மேல் எத்தனையோ காப்புரிமைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன.

அந்த 2 மில்லிமீட்டர் துண்டுக்குள்தான் முன்பு சொன்ன பள்ளம் பறிக்கும் முறை, துறையில் சொல்லும் பாஷ் முறை, இருக்கிறது. உள்ளே சிலிக்கனில் செதுக்கிய ஒரு குட்டி எடை, மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் இருபுறமும் சீப்புப் பற்கள். நாய் குரைத்தால் எடை அசையும், பற்களுக்கு நடுவே இடைவெளி மாறும், கெபாசிட்டன்ஸ், அதாவது பற்கள் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு, மாறும். அந்த இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு குறுகலான பள்ளத்தைச் செங்குத்தாகப் பறிப்பது எப்படி என்பதே பிரச்சினை. சிலிக்கனை அரிக்கும் ஃபுளூரின் வாயு எல்லாப் பக்கமும் அரிக்கும். கீழே போகப் போகப் பக்கவாட்டிலும் அகலமாகிக்கொண்டே போகும். பற்கள் மிஞ்சாது.

லெர்மரும் ஷில்ப்பும் செய்தது இதுதான். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு என்ற ஃபுளூரின் வாயுவின் பிளாஸ்மாவைச் சில நொடிகள் விட்டுக் கொஞ்சம் அரிக்கவைத்தார்கள். நிறுத்தினார்கள். பிறகு வேறொரு ஃபுளூரோகார்பன் வாயுவை விட்டு, நான்ஸ்டிக் தவாவில் இருக்கும் டெஃப்லான் போன்ற ஒரு படலத்தைப் பள்ளம் முழுக்கப் பூசினார்கள். மறுபடி அரிப்பு. மேலிருந்து நேராக வரும் அயனிகள் அடிப்பகுதியின் படலத்தை மட்டும் தட்டி எடுத்துவிடும். சுவர்ப் படலம் அப்படியே காவல் நிற்கும். அரி, பூசு, அரி, பூசு. நூற்றுக்கணக்கான சுற்றுகள். வேல்ஸின் நியூபோர்ட்டில் இருந்த எஸ்டிஎஸ் போன்ற இயந்திர நிறுவனங்கள் உரிமம் வாங்கி இதை ஃபேப்களுக்கு, அதாவது சிப் தொழிற்சாலைகளுக்கு, கொண்டுபோயின. 2007ல் இருவருக்கும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது.

வாசிக்கும்போது எளிமையாகத்தான் தோன்றும். கிளெய்மும் அப்படித்தான் இருக்கும்: ஒரு படி, இன்னொரு படி, இரண்டும் மாறி மாறி. நல்ல காப்புரிமைகள் பெரும்பாலும் இப்படிச் சாதாரணமாகத்தான் இருக்கும். சிக்கலான கிளெய்மைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும், எதையோ தவிர்க்க வளைந்து வளைந்து போயிருக்கிறார்கள் என்று.

இரண்டு உலகங்களுக்கும் உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. திருட்டைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது. நாய்ப் பட்டையை ஆன்லைனில் வாங்கி, நாலு ஸ்க்ரூ கழற்றினால் போதும். வேஃபர், அதாவது சிப் செய்யும் சிலிக்கன் தகடு, அதன் செய்முறை அப்படியா? தூசி நுழைய முடியாத ஃபேபுக்குள், மூடிய சேம்பருக்குள் என்ன வாயு எத்தனை நொடி போனது என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் பல செய்முறைகள் காப்புரிமைக்கே வராமல் கம்பெனி ரகசியமாகத் தங்கிவிடுகின்றன. பாஷ் முறைக்கு ஒரு அதிர்ஷ்டம். ஒவ்வொரு சுற்றும் சுவரில் ஒரு குழிவை விட்டுச் செல்கிறது. சிப்பைக் குறுக்காக வெட்டி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பள்ளத்தின் சுவர் முழுக்க வரிவரியாக அலை அலையாகத் தெரியும். கைரேகை மாதிரி என்று துறையில் சொல்வார்கள். இந்தியச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, செய்முறைக் காப்புரிமை உள்ளவருக்கு அந்த முறையால் நேரடியாகக் கிடைத்த பொருள் மீதும் உரிமை தருகிறது. ஆனால் நிரூபிக்க இப்படி ஒரு தடயம் வேண்டும்.

அப்புறம் நேரம். இது எந்தக் கண்டுபிடிப்பாளர் கையிலும் இல்லை. ஃபின்லாந்தின் துவோமோ சுந்தோலா 1974ல் ஒரு பூச்சு முறையைக் கண்டுபிடித்தார். வாயுவை மாற்றி மாற்றி விட்டு, ஒரு சுற்றுக்கு ஒரு அணு அளவுப் படலத்துக்கு மேல் வளராதபடி தானாகவே நின்றுவிடும் முறை. அமெரிக்கக் காப்புரிமை 4,058,430, 1977ல். அவர் அதை ஒளிரும் தகவல் பலகைகளுக்காகச் செய்தார். சிப் உலகம் அதை முழுமூச்சாகக் கையில் எடுத்தது எப்போது? இன்டெல் 2007ல் 45 நானோமீட்டர் சிப்களில் ஹாஃப்னியம் என்ற உலோகம் கலந்த படலத்தை இந்த முறையில் கொண்டுவந்தபோது. காப்புரிமை முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2018ல் சுந்தோலாவுக்கு மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு வந்தது, அது வேறு கணக்கு. இன்னொன்று, லெனின்கிராடில் அலெஸ்கோவ்ஸ்கி, கோல்ட்ஸோவ் ஆகியோர் 1960களிலேயே இதற்கு மிக நெருக்கமான வேலையை ரஷ்ய மொழியில் வெளியிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் மட்டும் தேடிவிட்டு ‘முன்னால் ஒன்றுமில்லை’ என்று ரிப்போர்ட் எழுதும் ஜூனியர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சரி, உங்கள் தம்பி விஷயம்.

விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலில் இதைக் கேளுங்கள்: கல்லூரி எக்ஸ்போவில் வைத்துவிட்டானா, யூடியூபில் வீடியோ போட்டுவிட்டானா? இல்லையென்றால் இனிமேலும் போட வேண்டாம். இந்தியாவில் பொதுவில் காட்டிய பிறகு விண்ணப்பித்தால், சில அபூர்வ விலக்குகள் தவிர, ‘புதுமை’ போய்விடும். தான் காட்டியதே தனக்கு எதிரான சாட்சியாகும்.

இரண்டாவது, ‘நாய்க்குப் பயிற்சி தரும் முறை’ என்று முறையைக் கேட்காமல் கருவியைக் கேட்கட்டும். நம் சட்டத்தின் 3ஆவது பிரிவில் விலக்கப்பட்டவை பட்டியல் ஒன்று இருக்கிறது. வெறும் விளையாட்டு முறை, மனத்தால் செய்யும் முறை எல்லாம் அதில் வரும். பூனை லேசர் விண்ணப்பம் இங்கே வந்திருந்தால் அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு. பட்டை, சென்சார், அதிர்வு மோட்டார் என்று சேர்த்துச் சொன்னால் அந்தப் பிரச்சினை குறையும். ஆனால் அந்த மூன்றும் மட்டுமே இருந்தால் பரிசோதகர் பத்து நிமிடத்தில் பழைய ஆவணம் ஒன்றைக் காட்டிவிடுவார். குரைப்பையும் இருமலையும் பிரித்து அறிவது, நாய் உடம்பை உதறும்போது தவறாக அதிராமல் இருப்பது, இப்படி அவன் தனியாக ஏதாவது தீர்த்திருக்கிறானா? அதுதான் கிளெய்ம். மற்றதெல்லாம் வர்ணனை.

மூன்றாவது செலவு. தனிநபராக ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால், முழு விவரத்தைத் தர 12 மாதம் அவகாசம். பரிசோதனைக்கு வேண்டுகோள் தனி. தனிநபருக்கு 4,000 ரூபாய், 31 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒரு நடுத்தர போன் விலைகூட வராது. செலவு ஆவது விண்ணப்பத்தை எழுதித் தரும் பேட்டன்ட் ஏஜெண்டுக்குத்தான். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் கிண்டியில் உள்ள அலுவலகத்துக்கு வரும். ப்ராஜெக்டில் கல்லூரியின் பணமோ லேபோ பயன்பட்டிருந்தால், உரிமை யார் பெயரில் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். மார்க் போடும் கைடு தன் பெயரையும் சேர்க்கச் சொல்வது இங்கே சகஜம். கண்டுபிடித்தவர் யாரோ அவர் பெயர்தான் வர வேண்டும் என்பது சட்டம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பது தம்பியின் சாமர்த்தியம்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கூகிள் பேட்டன்ட்ஸில் ஏ01கே 15/02 என்ற வகுப்பை ஆங்கில எழுத்தில் போட்டு, குரைப்பு, அதிர்வு, ஆக்ஸலரோமீட்டர் என்ற சொற்களோடு தேடச் சொல்லுங்கள். தலைப்பையும் படத்தையும் தள்ளிவிட்டு நேராக முதல் கிளெய்முக்குப் போகட்டும். தன் பட்டையில் இருப்பதும் அதில் எழுதியிருப்பதும் எங்கே பிரிகின்றன என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி வைத்தால், அந்தத் தாளோடு எந்த ஏஜெண்டிடம் போனாலும் பாதிப் பேச்சு முடிந்துவிடும். எழுதியதும் இங்கே கருத்துப் பகுதியில் விவரம் போட வேண்டாம், அதுவும் பொதுவெளிதான். தனிச் செய்தியில் கேளுங்கள்.