அடுத்த மொழிக்கு முன் சோதனை எழுதப் பழகுங்கள்

சி மொழியும் பைத்தானும் ஓரளவு கைவந்துவிட்ட நிலையில், வளாக நேர்காணலுக்கு முன் ஜாவாவையும் கற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கற்கலாம், ஆனால் அதற்கு முன், இதுவரை எழுதிய செயற்கூறுகளுக்கு (ஃபங்ஷன்) தானியங்கிச் சோதனைகள், அதாவது அவை தரும் விடை சரியா என்று தாமாகவே சரிபார்க்கும் நிரல்கள், எழுதப் பழகுங்கள் என்பதே என் அறிவுரை. உங்கள் புராஜெக்ட் சரியாக இயங்குகிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று நேர்காணலில் கேட்டால், ‘ஓட்டிப் பார்த்தேன், விடை வந்தது’ என்ற பதில் எடுபடாது.

ஓர் ஆண்டு லீப் ஆண்டா என்று கூறும் செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்று மட்டும் எழுதியிருந்தாலும் 2024, 2023 இரண்டுக்கும் சரியான விடையே வரும். 1900-ஐக் கொடுக்கும்போதுதான் பிழை வெளிப்படும். ஏனெனில் நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு, அதன்படி 2000 லீப் ஆண்டு, 1900 அல்ல. விதி மாறும் இடத்தைத் தேடிப்பிடிக்கும் இந்தக் கூர்மையைத்தான் நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன.

எழுதும் முறை எளிது. பைத்தானில் ‘அசெர்ட்’ என்று எழுதி, 1900-க்கு அந்தச் செயற்கூறு தரும் விடை ‘ஃபால்ஸ்’ என்பதற்குச் சமம் என்று குறிப்பிட்டால், அது பொய்க்கும்போது நிரல் பிழை காட்டி நின்றுவிடும். இத்தகைய வரிகளை, ‘டெஸ்ட்’ என்ற சொல்லும் அடிக்கோடும் முன்னொட்டாக உள்ள செயற்கூறுகளில் எழுதி, அதே முன்னொட்டுடைய கோப்பில் சேமித்தால், பைடெஸ்ட் என்ற கருவி அனைத்தையும் ஒரே கட்டளையில் ஓட்டிவிடும்.

மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது வேறிடத்தில். செயற்கூற்றுக்குள்ளேயே ‘இன்புட்’ கேட்டு, விடையை ‘பிரிண்ட்’ செய்துவிட்டால் அதைச் சோதிப்பது கடினம்; மதிப்பை அளபுருவாக (பாராமீட்டர்) வெளியிலிருந்து பெற்று, விடையை ‘ரிட்டர்ன்’ செய்யுமாறு மாற்றி எழுதுங்கள். எதிர்பார்க்கும் விடையையும் நீங்களே கையால் கணக்கிடுங்கள். செயற்கூறு தந்த விடையையே பார்த்து எழுதினால், அதிலுள்ள தவற்றுக்கு நீங்களே சான்றளித்தவராவீர்கள். தசம எண்களிலும் கவனம் தேவை: பைத்தானில் 0.1 உடன் 0.2-ஐக் கூட்டினால் வரும் விடை 0.3-க்குச் சமமாக இராது என்பதால், அங்கே இரு எண்கள் ஏறத்தாழச் சமமா என்று பார்க்க பைடெஸ்ட் தரும் ‘அப்ராக்ஸ்’ வசதியைப் பயன்படுத்துங்கள்.

சோதனைகள் அனைத்தும் தேறியபின், செயற்கூற்றில் ஒரு வரியை வேண்டுமென்றே தவறாக மாற்றி, சோதனை தோற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பின்னர், புராஜெக்டுடன் சோதனைக் கோப்பையும் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் சேர்த்து, அதை ஓட்டும் கட்டளையை விளக்கக் குறிப்பின் (ரீட்மீ) தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள்.