குழாய்களை இணைக்கும் புதிர் விளையாட்டுகளில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது?

எனக்கு இந்த ஈர்ப்பு 'பைப் மேனியா'வில் தொடங்கியது. 1989இல் அமிகா கணினிக்கு வந்த விளையாட்டு அது. அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் அதை 'பைப் டிரீம்' என்ற பெயரில் வெளியிட்டது. இன்றும் அரை மணி நேரம் கிடைத்தால் அதைத்தான் திறக்கிறேன்.

ஏழே வகைத் துண்டுகள்: நேர்க்குழாய் இரண்டு, வளைவு நான்கு, கூட்டல் குறி போன்ற குறுக்குக் குழாய் ஒன்று. அடுத்து வரவிருக்கும் ஐந்து துண்டுகள் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். வந்ததைத்தான் கட்டம் போட்ட பலகையில் வைக்க வேண்டும், வந்த திசையிலேயே வைக்க வேண்டும், திருப்ப முடியாது. சற்று நேரத்தில் தொடக்கக் குழாயிலிருந்து திரவம் கிளம்பிவிடும். அது சிந்துவதற்குள் குறிப்பிட்ட நீளத்துக்குப் பாதை அமைத்திருக்க வேண்டும்.

புதிதாக ஆடுபவர்கள் தொடக்கக் குழாயில் ஆரம்பித்து ஒவ்வொரு துண்டாக ஒட்டிக்கொண்டே போவார்கள். தேவையான வளைவு வராதபோது கையிலிருப்பதை எங்காவது போட்டுத் தள்ளுவார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் ஆடினேன். பிறகு ஒருநாள், அந்த 'எங்காவது' என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது என்று புரிந்தது. இப்போது உதவாத வளைவைப் பலகையின் மறு மூலையில், பாதை பின்னால் வந்து திரும்பக்கூடிய கட்டத்தில் வைக்கலாம். அதன் பக்கத்தில் இன்னொன்று சேரும். மெல்ல மெல்ல, எதனுடனும் தொடர்பில்லாத இரண்டு மூன்று தீவுகள் உருவாகும். பிறகு ஒரே ஒரு நேர்க்குழாய் வந்து விழும். இரண்டு தீவுகள் இணைந்து, ஒரு நொடியில் பாதை பத்துக் கட்டம் நீளும்! அந்த நொடிக்காகத்தான் நான் ஆடுகிறேன். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டில் கீழே விட்ட இடைவெளி பிழையாகவே நிற்கும். இங்கே இடைவெளி என்பது சரியான துண்டுக்காகப் பிடித்து வைத்த இடம்.

அதற்காகக் கண்டபடி இறைத்து வைக்கவும் முடியாது. கடைசியில் பயன்படாமல் கிடக்கும் துண்டுகளுக்கு மதிப்பெண் குறையும். ஏற்கெனவே வைத்ததன் மேல் வேறொன்றை வைத்து மாற்றலாம், ஆனால் அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். திரவம் இரண்டு கட்டம் பின்னால் வந்துகொண்டிருக்கும்போது அந்தச் சிறு தாமதம் எவ்வளவு நீளமானது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

2007இல் வந்த 'பயோஷாக்' விளையாட்டில் இயந்திரங்களை வசப்படுத்தும் பகுதி இதே கருவைக் கொண்டதுதான். அங்கே அது பலருக்குச் சலித்தது. என் கணிப்பில், வேறொரு கதையின் நடுவே வந்து குறுக்கிட்டதே காரணம். குழாய்ப் புதிருக்கு முழுக் கவனமும் வேண்டும்.

துண்டுகளை வைக்காமல், இருந்த இடத்திலேயே திருப்பி இணைக்கும் வகையும் உண்டு. பெரும்பாலும் அதில் அவசரமே இல்லை, தர்க்கம் மட்டும்தான். எந்த முனையும் சிந்தக்கூடாது என்பதால், ஓரத்தில் இருக்கும் நேர்க்குழாய் சுவரை ஒட்டியே படுக்க வேண்டும். மூலையில் இருக்கும் வளைவுக்கு ஒரே ஒரு நிலைதான். ஓரங்களை இப்படி உறுதி செய்துவிட்டால் உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாகத் தாமே நிலைபெறும். பரபரப்பை விரும்பாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

ஆனாலும் என் மனம் பழையதையே நாடுகிறது. குறுக்குக் குழாய் அங்கே தனி இன்பம். திரவம் அதை இடவலமாகக் கடந்து போகும். சுற்றி வளைத்துப் பாதையை மறுபடி அங்கேயே கொண்டுவந்தால், மேலிருந்து கீழாக அதே துண்டை இரண்டாம் முறை கடக்கும், கூடுதல் மதிப்பெண்ணும் தரும். எத்தனையோ முறை பார்த்தும், அந்த இரண்டாவது கடப்பின்போது நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.