பாய்மர உச்சியில் பேய் விளக்கு தெரிந்தால் கப்பல் உடையும் என்று பழைய மாலுமிகள் நம்பியது உண்மையா?

எல்லாரும் அப்படி நம்பவில்லை. ஸ்பெயின், போர்ச்சுக்கல் மாலுமிகளுக்கு அது மாலுமிகளின் காவல் புனிதரான எல்மோ காவலுக்கு வந்து நிற்கும் அடையாளம். ஒற்றைச் சுடர் கெடுதி, இரட்டைச் சுடர் நல்லது என்ற கணக்கு அதற்கும் பழையது, கிரேக்க ரோமானியக் காலத்தது.

இடிமேகத்தின் அடியில் மின்புலம் கூர்முனைகளில் குவிகிறது. பாய்மர உச்சியிலும் குறுக்குக் கழி நுனியிலும் காற்று அயனியாகி (மின்னூட்டம் பெற்று), நீலம் கலந்த ஊதாவாக ஒளிரும். சில சமயம் சீறும். தீ அல்ல என்பதால் பாய் பற்றாது. மின்னல் விழ வாய்ப்புள்ள நேரம் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. பெரும்பாலும் இடிமழை ஓயும் கட்டத்தில் தெரிவதால் நல்ல சகுனம் என்ற பெயர் வந்தது. தவிர, விளக்கைப் பார்த்துவிட்டு மூழ்கியவன் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை!

விளக்கு வேறு, கப்பலின் கதி வேறு என்பதற்கு நல்ல உதாரணம், 1609இல் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போன 'சீ வென்ச்சர்' கப்பல். ஜூலை 24 அன்று சூறாவளியில் சிக்கியது. 27ஆம் தேதி இரவு, மங்கிய நட்சத்திரம் போன்ற ஒளி பெரிய பாய்மரத்தின் பாதி உயரத்தில் நடுங்கியபடி கயிற்றுக்குக் கயிறு தாவியது. மூன்று நான்கு மணி நேரம் இருந்து, விடியுமுன் மறைந்தது. கப்பலில் இருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி இதை எழுதிவைத்தார். கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்க உதவியிருந்தால் அதிசயம் என்று ஒப்பியிருக்கலாம் என்பது அவர் குறை.

கப்பலுக்கு வந்த வினை வேறு. பலகை இடுக்குகளில் அடைத்திருந்த நார் கழன்று, எல்லாப் பக்கமும் தண்ணீர் புகுந்தது. பிஸ்கட் கரைந்து பம்புகளை அடைத்தது. ஓட்டை ரொட்டி அறையில்தான் என்று நினைத்துத் தச்சர் அதைப் பெயர்த்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. மெழுகுவத்தியோடு அடித்தளத்தில் ஊர்ந்து, கசியும் ஓசையைக் கேட்டுத் தேடினார்கள். ஒரு துளையை மாட்டிறைச்சித் துண்டுகளால் அடைத்தார்கள். ஆட்கள் மூன்று பிரிவாக, ஒரு மணி இறைப்பு, ஒரு மணி ஓய்வு. நான்கு மணி நேரத்துக்குச் சுமார் 100 டன் தண்ணீர் இறைத்ததாக ஸ்ட்ரேச்சியின் கணக்கு.

28ஆம் தேதி கரை தெரிந்தது. பிசாசுத் தீவுகள் என்று மாலுமிகள் ஒதுங்கிப்போன, அட்லாண்டிக் கடலின் பெர்முடா! நங்கூரமிட்டால் மூழ்கிவிடும் என்பதால் நேராகக் கரையை நோக்கி ஓட்ட, கப்பல் பாறைகளுக்கிடையே செருகி நிமிர்ந்தே நின்றது. ஏறக்குறைய 150 பேரும் படகில் கரையேறினார்கள்.