ஊர் வானொலி – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நான் தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர்க்காரன். பெயர் போட வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு கல்லூரி, அக்கம்பக்கத்து ஊர்களுக்கு மட்டும் கேட்கும் சமுதாய வானொலி நடத்துகிறது. ஆரம்பித்த புதிதில் ஊரே கேட்டது. இப்போது காலையில் பக்திப் பாட்டு, அப்புறம் சினிமாப் பாட்டு, நடுநடுவே இணையத்தில் இருந்து எடுத்து வாசிக்கும் மருத்துவக் குறிப்பு. இவ்வளவுதான். கேட்டால், “செய்தி போட எங்களுக்கு அனுமதி கிடையாது, வேறு என்ன செய்ய?” என்கிறார்கள். அம்மாவும் மதினியும் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். முன்பு நாள் பூராவும் அந்த ரேடியோதான் ஓடும். இப்போது டி.வி.க்கு மாறிவிட்டார்கள்.

நேயர்களிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். தினமும் அரை மணி நேரம் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் போடச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஆனால் எல்லார் கையிலும் போன் இருக்கும்போது இப்படி ஒரு வானொலி எதற்கு என்றும் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

*

அன்புள்ள தம்பிக்கு,

வில்லுப்பாட்டில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு ஒப்பாத இடம் அதுதான். கோயில் கொடைத் திருவிழாவில் வில் அடிக்கும்போது கதை நடுச்சாமம் தாண்டிப் போகும். சாமி வருகிற நேரம் பார்த்துக் குடம் அடிக்கிறவர் வேகத்தைக் கூட்டுவார், உடுக்கு பின்னாலேயே ஏறும். எதிரே நிற்கிற கூட்டத்தைப் பார்த்துத்தான் கதை பாடும் அண்ணாவி அதை நீட்டுவதும் குறைப்பதும். அதை அரை அரை மணியாக நறுக்கி மத்தியானம் 2 மணிக்குப் போட்டால் கல்லூரியின் ஆண்டறிக்கையில் எழுத நன்றாக இருக்கும். உங்கள் மதினி கேட்க மாட்டார். கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற பறைக்கும் இதே கதிதான். ஆடி அமாவாசைக்குச் பாபநாசம் மலையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கிளம்புகிற வாரத்தில் போடட்டும், கேட்க ஆள் இருக்கும்.

“செய்தி போட அனுமதி இல்லை” என்பது பாதி உண்மை. சமுதாய வானொலி தானாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது, ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம் என்பது விதி. ஆனால் மழை, போக்குவரத்து, குடிநீர், மின்சாரம், தேர்வு, திருவிழா, உள்ளூர் விளையாட்டு, நோய் எச்சரிக்கை, இயற்கைச் சீற்றம் பற்றிய அறிவிப்புகளெல்லாம் செய்திக் கணக்கில் சேராது என்றும் அதே விதிதான் சொல்கிறது. நம் ஊர் டீக்கடையில் ஒரு நாள் பேசுவதில் அரசியலைக் கழித்துவிட்டால் முக்கால்வாசி இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தப் பகுதி மக்கள் பங்கெடுத்ததாகவும், கூடியவரை அவர்கள் பேச்சு மொழியிலும் இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நூறு வாட்டு ஒலிபரப்பு சுமார் 10 கிலோமீட்டர் போகும். இந்தக் குறுகலை ஒரு குறையாகவே நினைக்கிறார்கள். என் கணக்கு வேறு. கார் பருவ நெல் சாகுபடிக்குக் கன்னடியன் கால்வாயில் திறந்த தண்ணீர் இன்றைக்கு எந்த மடை வரை வந்திருக்கிறது என்பது பாளையங்கோட்டையில் இருக்கிறவருக்கு வேண்டாத விஷயம். பத்தமடைக்காரருக்கு வேண்டும். எந்தெந்தத் தெருவில் நாளைக்குக் கரண்ட் கட், கோயில் கொடைக்காக எந்த பஸ் சுற்றிப் போகிறது, எந்தக் கால்நடை மருந்தகத்தில் என்றைக்குத் தடுப்பூசி - பெரிய வானொலி இதைத் தொடவே முடியாது. சினிமாப் பாட்டை எவரும் போடலாம்.

இந்த இடத்தில் இலங்கை வானொலி ஞாபகத்துக்கு வருகிறது. நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது உள்ளூர் நிலையம் போலத் தெளிவாக எடுக்கும். அதில் மரண அறிவித்தல் என்று ஒன்று வரும். யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்லி, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று வரிசையாக அடுக்குவார்கள். நமக்கு அவர்கள் யாரோ எவரோ. ஆனாலும் நம் ஆச்சிமார் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள், “பாவம், மூணும் பொம்பளப் பிள்ளையளா?” என்று வருத்தப்படுவார்கள். அங்கே உள்ளவர்களுக்காகவே சொன்னது கடல் தாண்டி இங்கேயும் ஒட்டியது. நம் ஊரில் இன்றைக்கும் சாவு சொல்ல மைக் கட்டிய ஆட்டோ போகிறது. வானொலியில் அதைச் சொன்னால் அபசகுனம் என்று நிலையத்தார் தயங்குவார்கள். சொல்லிப் பார்க்கலாம் என்பேன் நான்.

சரி, உங்கள் மதினி. பீடி சுற்றுகிறவர்களுக்குக் கையும் கண்ணும் மடியில் இருக்கும் சுளகில்தான். நனைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் அள்ளி வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கியதும் அடுத்த இலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கு இருப்பதால் தலை நிமிர நேரம் இல்லை. டி.வி.க்கு மாறிவிட்டார்கள் என்கிறீர்கள். கவனித்துப் பாருங்கள், அவர்கள் சீரியலைப் பார்ப்பதே இல்லை, கேட்கிறார்கள். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் இப்படி எத்தனை திண்ணை! இதைப் போல ஒரு நேயர் கூட்டம் எந்த வானொலிக்குக் கிடைக்கும்? பி.எஃப். கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்று அலைகிறவர்கள் இவர்கள். அதைத் திருத்துவது எப்படி, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான படிப்பு உதவித்தொகைக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்று, விவரம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து இந்தப் பெண்களையே கேள்வி கேட்க விட்டால் போதும்.

அப்போது ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிலையத்தில் இருக்கும் பிள்ளைகள் கேள்வியைத் திருத்தி எழுதிக் கொடுப்பார்கள். “தண்ணி எப்ப தொறப்பாவ?” என்பது “நீர் எப்போது திறந்துவிடப்படும்?” ஆகிவிடும். அதைத் தாளில் பார்த்து வாசிக்கிற ஆச்சி, பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி திணறுவாள். தெலங்கானாவில் மாச்சனூர் சங்கம் ரேடியோவை 2008-லிருந்து நடத்திவருகிறவர்கள் தலித் விவசாயப் பெண்கள். பாம்பனில் 2016-ல் தொடங்கிய கடல் ஓசை மீனவர்களுக்கானது. அங்கெல்லாம் அந்தந்த ஊர்ப் பேச்சுதான்.

போன் இருக்கும்போது எதற்கு என்றால், 2023 டிசம்பர் 17, 18-ல் வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுவிட்டது. கரண்ட் போனது, பின்னாலேயே பல ஊர்களில் டவரும் போனது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்று தெரியாமல் ஆளுக்கொரு வதந்தியைச் சொல்லிக்கொண்டிருந்தோம். நூறு வாட்டு நிலையத்தை ஓட்ட ஒரு சின்ன ஜெனரேட்டர் போதும், கேட்க இரண்டு பேட்டரி செல் போதும். ஆனால் வெள்ளத்தன்று மட்டும் போட்டுக் கேட்க யாருக்கும் தோன்றாது. மற்ற நாளில் கேட்கிற பழக்கம் இருந்தால்தான் அன்றைக்குக் கை அதற்குப் போகும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை இப்போது 12 நிமிடமாக்கி இருக்கிறார்கள். ஊரில் ஜவுளிக்கடையும் உரக்கடையும் இருக்கின்றன, போய்க் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

யோசனையை எழுதிப் பெட்டியில் போடாதீர்கள். மதினியைக் கூட்டிக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போங்கள். பீடிக்கடையில் கணக்கு முடிக்கிற நாளாகப் பார்த்துப் போய்விடாதீர்கள், அன்றைக்கு வர மாட்டார். பேச்சை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி