சீன மருத்துவத்தில் மூலிகைக் கூட்டு: கேள்வி பதில்

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். குவாங்சோவில் ஐந்து ஆண்டு சீன மருத்துவம் படித்தேன். இப்போது மருந்து நிறுத்துக் கட்டிக் கொடுக்கும் பகுதியில் வேலை. சரக்குகளை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கஷாயம் வைக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு மூலிகை நல்லது என்றால் அதை மட்டும் கொடுக்கலாமே, மேடம். ஏன் நாலு, பத்து என்று சேர்க்கிறார்கள்?

தனியாகக் கொடுப்பதும் உண்டு. ஜின்செங் வேரை மட்டும் காய்ச்சிக் கொடுக்கும் பழைய முறை இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒரு சரக்கு ஒரு வேலையைச் செய்யும்போது இன்னொரு தொந்தரவையும் கூட்டி வரும். அதனால்தான் துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

மாஹுவாங் கஷாயத்தை எடுத்துக்கொள்வோம். குளிர், காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் இருந்தும் வியர்வையே வராதவருக்கானது. இதில் நாலே சரக்கு. வியர்வையை வரவழைக்கும் மாஹுவாங் என்ற செடித்தண்டுதான் அரசன். அதற்குக் கைகொடுக்கும் குய்ஜி, அதாவது சீன லவங்கப்பட்டை மரத்தின் இளங்கொம்பு, அமைச்சர். கசப்பு ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பு இருமலையும் மூச்சிரைப்பையும் தணிக்கும் உதவியாளர். வறுத்த அதிமதுரம் வேகத்தை மட்டுப்படுத்தி எல்லோரையும் ஒத்துப்போக வைக்கும் தூதர். அரசன், அமைச்சர், உதவியாளர், தூதர் என்பது சீன மருத்துவப் புத்தகங்களே வைத்திருக்கும் பெயர்கள்.

இப்போது குய்ஜியை எடுத்துவிட்டு ஜிப்சம் கல்லைப் போடுங்கள். மாஹுவாங் 4 லியாங் (பழைய சீன எடை அளவு), ஜிப்சம் அதைப்போல் இரண்டு மடங்கு. கூட்டின் போக்கே திரும்பிவிடும். வியர்வையை வெளியே தள்ளிய மாஹுவாங், குளிர்ச்சியான கல்லின் பிடியில் நுரையீரல் சூட்டோடு வரும் இரைப்புக்கான மருந்தாகிவிடுகிறது. மாறியது ஒரே ஒரு சரக்கு.

கேள்வி: சரக்குகள் அதே, அளவு மட்டும் மாறினால் என்ன ஆகும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஹான் அரச காலத்தின் கடைசியில், கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங்கின் 'ஷாங் ஹான் லுன்' நூலில் குய்ஜி கஷாயம் வருகிறது. குய்ஜி 3 லியாங், ஷாவ்யாவ் என்ற பியோனி வேர் 3, இஞ்சி 3, வறுத்த அதிமதுரம் 2, சீன இலந்தைப் பழம் 12. காய்ச்சலும் இருக்கிறது, காற்றுப் பட்டால் பிடிக்கவில்லை, வியர்வை மட்டும் தானாகக் கசிகிறது என்பவருக்கு இது. குய்ஜி வெளியே தள்ளும். ஷாவ்யாவ் உள்ளே பிடித்து வைக்கும். இரண்டும் சரிக்குச் சரி நிற்பதுதான் இந்தக் கூட்டின் உயிர்.

குய்ஜியை மட்டும் 5 லியாங் ஆக்கினால் அதற்குப் பெயரே வேறு. அடிவயிற்றிலிருந்து நெஞ்சை நோக்கி ஏதோ பாய்ந்து வருகிற தொல்லைக்குக் கொடுப்பார்கள். 'ஓடும் பன்றிக்குட்டி' என்று அந்த நோய்க்குப் பெயர். ஷாவ்யாவை 6 ஆக்கினால் வயிற்று வலிக்கான மருந்து. அந்த ஆறோடு மாவுப்பாகு வெல்லமும் சேர்த்தால், சோர்ந்துபோன உடம்பின் வயிற்று இழுப்புக்குக் கொடுக்கும் இன்னொரு கஷாயம். தராசு முள் எங்கே நிற்கிறது என்பதுதான் இங்கே மருந்தைத் தீர்மானிக்கிறது.

குடிக்கும் முறையும் கூட்டின் ஒரு பகுதிதான். கஷாயம் குடித்த சற்று நேரத்தில் சூடான நீர்த்த கஞ்சி குடிக்க வேண்டும். அப்புறம் போர்த்திக்கொண்டு சுமார் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். உடம்பெங்கும் மெல்ல ஈரம் பூத்தால் போதும், தண்ணீராக ஓடக் கூடாது. முதல் வேளையிலேயே வியர்த்துச் சரியாகிவிட்டால் மிச்சத்தைக் குடிக்கக் கூடாது. இத்தனையும் நூலிலேயே இருக்கிறது. முதல்முறை படித்தபோது, காய்ச்சலுக்கு அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்துப் போர்வையை இழுத்து விட்டது நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

கேள்வி: சித்த மருத்துவம் படிக்கிறேன் அக்கா. எங்களுக்குச் சத்துரு மித்துரு சரக்கு, அதாவது ஒன்றுக்கொன்று பகையும் நட்புமான சரக்கு என்று உண்டு. சீனத்தில் அப்படி இருக்கிறதா?

இருக்கிறது தம்பி, ஏழு வகையாக. 365 மருந்துகளைச் சொல்லும் 'ஷென்நோங் பென்ட்சாவ் ஜிங்' காலத்திலிருந்தே வருவது. தனித்து நிற்பது, ஒத்த குணமுள்ள இரண்டு சேர்ந்து வலுப்பது, ஒன்று மற்றதற்குத் துணை போவது, ஒன்றின் நஞ்சு மற்றதற்கு அடங்குவது, மற்றதன் நஞ்சை அடக்குவது, ஒன்று மற்றதன் பலனைக் குறைப்பது, சேர்ந்தால் தீங்காவது. நாலாவதும் ஐந்தாவதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம்.

அதற்கு உதாரணம் பான்ஷியா என்ற கிழங்கு. பச்சையாக நாக்கில் பட்டால் ஊசி குத்துவதுபோல் அரிக்கும், தொண்டை கட்டும். நம்முடைய கருணைக்கிழங்கின் குடும்பம்தான் அது. கருணைக்குப் புளி விடுகிறோம் இல்லையா, அவர்கள் பான்ஷியாவை இஞ்சியும் படிகாரமும் சேர்த்துப் பக்குவப்படுத்துவார்கள். கஷாயத்திலும் இஞ்சி கூடவே போகும். பலனைக் குறைப்பதற்கு வழக்கமாகச் சொல்வது ஜின்செங்கும் முள்ளங்கி விதையும்.

கேள்வி: பதினெட்டுப் பகை என்பது என்ன? அதில் அதிமதுரமும் இருக்கிறதாமே?

சேர்க்கக் கூடாத சரக்குகளை மாணவர்கள் பாட்டாக மனப்பாடம் செய்வார்கள். மூன்று தலைவர்கள், ஒவ்வொருவருக்கும் எதிரிகள். அதிமதுரத்துக்கு கான்சுயி, தாஜி, யுவான்ஹுவா என்ற கடும் பேதிச் சரக்குகளும் ஹைசாவ் என்ற கடற்பாசியும் பகை. வூதோ என்ற நாபி வகை நச்சுக் கிழங்குக்கு பான்ஷியா, பெய்மு முதலியவை. லீலு என்ற வேருக்கு ஜின்செங், தான்ஷென், ஷாவ்யாவ் முதலியவை.

ஆனால் ஜாங் ஜோங்ஜிங்கின் ஒரு பழைய கூட்டிலேயே கான்சுயியும் அதிமதுரமும் சேர்ந்து வருகின்றன. அதனால் இந்தப் பட்டியலைப் பற்றி மருத்துவர்களுக்குள் நூற்றாண்டுகளாக வாதம் உண்டு. வாதம் அவர்களோடு இருக்கட்டும். மருந்து கட்டும் என் மேசையில் சீட்டில் அந்த ஜோடி வந்தால் எழுதியவரைக் கேட்காமல் நான் நிறுக்க மாட்டேன்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சினால் போதாதா?

போதாது. ஃபூஸி என்ற நாபிக் கிழங்கு பக்குவம் செய்து வந்தாலும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்கூட்டியே கொதிக்க வேண்டும். அதில் உள்ள அகோனிட்டின் நஞ்சு நீண்ட கொதியில்தான் சிதைந்து வீரியம் குறையும். அவசரப்பட்டால் நாக்கு மரத்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து. ஜிப்சம் போன்ற கற்களும் முதலிலேயே போகும். புதினா கடைசி ஐந்து நிமிடத்தில். படிக்கும்போது ஒருநாள் நான் புதினாவை முதலிலேயே போட்டுவிட்டேன். ஆசிரியர் திட்டவில்லை. தானே இன்னொரு சட்டி வைத்து, இரண்டு கிண்ணங்களையும் முகரச் சொன்னார். என் கிண்ணத்தில் புதினா வாசனையே இல்லை.

மயிர் போன்ற தூசுள்ள பூக்களைத் துணியில் கட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் தொண்டையில் உறுத்தும். கழுதைத் தோல் பசையைத் தனியாக உருக்கிக் கலக்க வேண்டும். சட்டி மண்ணாக இருக்கட்டும், இரும்பு வேண்டாம்.

கேள்வி: அப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். இதயத்துக்கு நல்லது என்று யாரோ தான்ஷென் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். தான்ஷென் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு அபாயம் கூடும். தாங்குய் வேருக்கும் இதே எச்சரிக்கை. ஏற்கெனவே குடித்திருந்தால் இன்றைக்கே அவருடைய மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை எடுங்கள். ஆங்கில மருந்தும் கூட்டில் ஒரு சரக்குதான், சீட்டு எழுதுபவருக்கு அது தெரிய வேண்டும். அதிமதுரத்தைத் தினமும் நிறையக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மலேரியா மருந்துக்காக தூ யூயூ 2015இல் நோபல் வாங்கியது ஒரே செடியிலிருந்துதானே? அப்படியென்றால் கூட்டு தேவையில்லைதானே?

ஒரே செடிதான். கே ஹோங் என்ற பழைய மருத்துவர், அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் குறைந்த சூட்டில் சத்தைப் பிரிக்கும் யோசனை தூ யூயூவுக்கு வந்தது. ஆனால் அப்படிப் பிரித்தெடுத்த ஆர்ட்டெமிசினின் என்ற மருந்து உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும். தனியாகக் கொடுத்தால் மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அதனால் நீண்ட நேரம் நிற்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அங்கேயும் கூட்டுத்தான் வந்து நிற்கிறது.

கேள்வி: கடையில் தனித்தனியாக வாங்கி வீட்டில் நானே சேர்த்துக்கொள்ளலாமா?

கோஜிப் பழமும் இலந்தையும் போட்டுத் தேநீர் வைப்பதென்றால் சரி, தாராளமாக. அதைத் தாண்ட வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கக் கொடுத்த மாத்திரையில் ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதிலாக, பெயரில் ஒத்த குவாங் ஃபாங்ஜி கலந்துவிட்டது. அதில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பலருக்கு டயாலிசிஸ் வரை போனது.

பழைய மருந்துக் கடைகளில் சின்னச் சின்ன இழுப்பறைகள் நிறைந்த பெரிய அலமாரி இருக்கும். 'நூறு பிள்ளை அலமாரி' என்பார்கள். ஒவ்வொரு இழுப்பறைக்குள்ளும் இரண்டு மூன்று தடுப்பு. அடிக்கடி சேர்த்து எழுதப்படும் சரக்குகள் பக்கத்துப் பக்கத்தில். பகையானவை தள்ளி. பார்க்க ஒன்றுபோல் இருப்பவையும் தள்ளி, கை தவறக் கூடாதே என்று. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்குத் தராசைத் தரவில்லை. எந்த இழுப்பறைக்குப் பக்கத்தில் எது, ஏன் என்று தினமும் ஒப்பிக்கச் சொன்னார்கள்.