இரண்டாவது ஆபரேஷனுக்குப் பணம் தர மறுக்கிறார்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 43 வயது, விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். 2024 மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் முதுகில் டிஸ்க் ஆபரேஷன் செய்தோம். ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். 2025 நவம்பரில் மடியை (மீன் சேரும் வலைப்பையை) தூக்கும்போது மறுபடியும் அதே வலி காலுக்கு இறங்கியது. அதே இடத்தில் டிஸ்க் திரும்பப் பிதுங்கியிருக்கிறது என்று வேறு மருத்துவமனையில் இரண்டாவது ஆபரேஷன் ஆனது. இடது பாதம் இன்னும் மரத்தே இருக்கிறது. முதல் தடவை பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம், ‘பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்’ என்று இப்போது ரூ.1,85,000 தர மறுக்கிறது. 2020 ஆகஸ்டில் எடுத்த பாலிசி, ஒரு வருடம்கூடக் கட்டத் தவறவில்லை. முதலில் சரியாகச் செய்யாத டாக்டர் மேல் கேஸ் போடலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய தாள்களை ஒன்றுவிடாமல் படித்தேன். சங்கிலியை அடகு வைத்து பில் கட்டியிருக்கிறீர்கள். கோபம் வராமல் இருக்காது. ஆனால் அந்த டாக்டர் மேல் கேஸ் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது. இந்த ஆபரேஷனில் அது முழுவதையும் எடுப்பதில்லை. பிதுங்கி வெளியே வந்து நரம்பை அழுத்தும் துண்டை மட்டும்தான் எடுப்பார்கள். மிச்சம் உள்ளேயே இருக்கும், கிழிந்த இடத்துக்குப் பழைய பலம் வராது. அதனால் 100 பேரில் சுமார் 5 முதல் 15 பேருக்கு அது திரும்பவும் பிதுங்குவது உண்டு. சிகிச்சையின் பலன் நிலைக்கவில்லை என்பதாலேயே டாக்டர் அலட்சியமாக இருந்தார் என்று ஆகாது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒன்றரை வருடம் வலியில்லாமல் கடலுக்குப் போயிருக்கிறார். மருந்து ஏற்றி எடுத்த எம்ஆர்ஐ-யிலும் பழைய தழும்பு இல்லை, புதிய பிதுக்கம் என்றுதான் இருக்கிறது. இரண்டுமே டாக்டர் பக்கம் பேசும்.

‘திரும்ப வரலாம் என்று யாரும் சொல்லவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். ஆபரேஷனுக்கு முன் முக்கியமான ஆபத்துகளை நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்பது 2008-இல் சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டின் மூன்றாம் பக்கத்தில், ‘3 மாதம் கனம் தூக்கக் கூடாது, மறுபடி பிதுங்கலாம்’ என்று தமிழிலேயே பேனாவால் எழுதியிருக்கிறது. அது ஆபரேஷனுக்குப் பிறகு எழுதியதுதான், ஆனாலும் உங்கள் வாதத்தை ரொம்பவே பலவீனமாக்கிவிடும்.

சரி, காப்பீட்டு நிறுவனத்துக்கு வருவோம். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருப்பது இங்கேதான். இரண்டாவது மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில், முதல் பக்கத்து ஓரத்தில், ‘இடுப்பு வலி - 10 வருடம்’ என்று ஒரு வரி இருக்கிறது. ராத்திரி அட்மிஷனில் எப்போதிருந்து வலி என்று யாரோ கேட்க, உங்கள் கணவர், ‘கல்யாணம் ஆன காலத்திலிருந்தே இடுப்பு வலிக்கும்’ என்றாராம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் மறுத்திருக்கிறார்கள். வலை இழுக்கிற எந்த மனிதருக்கு இடுப்பு வலிக்காது? அந்த வலியும் டிஸ்க் நோயும் ஒன்றல்ல. முன்பே இருந்த நோய் என்றால், பாலிசிக்கு முன் ஒரு டாக்டர் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும், அல்லது அதற்குச் சிகிச்சை நடந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டியது நிறுவனம்.

அதைவிடப் பெரிய பலம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகளின்படி, ஒரு பாலிசி 60 மாதம் விடாமல் தொடர்ந்துவிட்டால், நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடியை நிரூபித்தால் மட்டும்தான் விலக்கு. உங்களுக்கு 2025 ஆகஸ்டிலேயே 60 மாதம் முடிந்துவிட்டது. நவம்பரில்தான் ஆபரேஷன்.

முதல் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய், டிஸ்க் கோளாறு முதன்முதலில் எந்தத் தேதியில் தெரிந்தது என்று ஒரு சான்று வாங்குங்கள். நீங்கள் கேஸ் போட நினைத்த அதே டாக்டர்தான் இந்த வழக்கில் உங்களுக்கு முக்கியமான சாட்சி. இரண்டு மருத்துவமனையிலும் முழு கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருடத்துக்குள் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அவர் தரும் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போகலாம். ஆனால் அங்கே முதலில் போய்விட்டால் குறைதீர்ப்பாளர் உங்கள் புகாரை எடுக்க மாட்டார். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

மடி தூக்கும்போது ஆனது என்பதால் சம்மாட்டியிடமும் (படகு முதலாளியிடமும்) இழப்பீடு கேட்க இடமுண்டு. உங்கள் கணவர் கூலியாள் இல்லை, மீன் வருமானத்தில் பங்கு வாங்கும் பங்காள் என்று சம்மாட்டி வாதாடலாம். இதற்கும் 2 வருடக் கெடு இருக்கிறது. அன்று படகில் இருந்தவர்கள் பெயரை இப்போதே குறித்துவையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

அப்புறம், பாதம் மரத்திருக்கிறது என்று எழுதியது மனசை உறுத்துகிறது. பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, காப்பீட்டுப் பணத்துக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கூட்டிப் போங்கள்.